இரண்டு கொடியில் தைத்த மடிப்பை

கட்சிகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பயம் ஒன்றும் கிடையாது. சொன்ன மறுநிமிடம் யாராவது ஒருவர், "அது அவங்க ஆளுக செஞ்சது, எங்க ஆளுக அப்படிச் செய்ய மாட்டாக" என்று பங்கு பிரிக்க வந்துவிடுவார். பங்கு பிரித்தது போதும். என் அக்காவின் கண்ணையே ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டவர்கள் இவர்கள். ஊர்ப் பெயரும் வேண்டாம். கம்பத்துக்குத் தெற்கே, மலையைப் பார்த்தபடி இருக்கும் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பதாம் வருடம் பொங்கலுக்கு முன்னால் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. எனக்குப் பதினெட்டு வயது. அக்காவுக்கு இருபத்திரண்டு. அப்போதெல்லாம் இருபத்தோரு வயது ஆனால்தான் ஓட்டு. எனக்கு இல்லை, அக்காவுக்கு அதுதான் முதல் ஓட்டு. அப்பா இறந்து நாலு வருடமாகியிருந்தது. அம்மா வயல் வேலைக்குப் போவார். நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு டீச்சர் டிரெயினிங்குக்கு மனுப் போட்டு இடம் கிடைக்காமல், அக்காவோடு சேர்ந்து கேரளத்து ஏலத் தோட்டத்துக்குக் காயெடுக்கப் போய்க்கொண்டிருந்தேன்.

விடிவதற்கு முன்னால் ஜீப் வந்துவிடும். ஏழு பேர் உட்காரும் வண்டியில் பதினாறு பெண்கள். லோயர் கேம்ப் தாண்டி மலையேறி, குமுளிக்கு அந்தப் பக்கம் ஒரு மணி நேரம் போனால் தோட்டம். சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்க வேண்டும். மார்கழி மாதம் என்பதால் சபரிமலைக்குப் போகிற வண்டிகள் ஒரு பக்கம், ஒலிபெருக்கி கட்டிய பிரசார வண்டிகள் ஒரு பக்கம். இடையில் நாங்கள்.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது. அடியில், தரையோடு தரையாகக் காய்க்கும். குத்தவைத்து நகர்ந்து நகர்ந்துதான் எடுக்க வேண்டும். முற்றிய காயை மட்டும் கிள்ள வேண்டும். முற்றியதும் பச்சை, பிஞ்சும் பச்சை. அந்த இரண்டு பச்சைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத்தான் தெரியும், அதுவும் பழகிய கண்ணுக்கு. பிஞ்சு நாலு சேர்ந்து வந்துவிட்டால் கங்காணி பெற்றவளிலிருந்து பிடித்துத் திட்டுவான். அக்காவை அவன் ஒரு நாளும் திட்டியதில்லை. இருட்டிய மழைக்காலத்திலும் பிஞ்சு கலக்காமல் எடுப்பாள். எங்கள் வீட்டு அடுப்பு அந்தக் கண்ணில்தான் எரிந்தது.

காயைப் போட இடுப்பில் ஒரு துணிப்பை கட்டிக்கொள்வோம். மடிப்பை என்போம். மண்ணில் உரசி, கறை பிடித்து, மூன்று மாதத்தில் கிழிந்துவிடும். அந்த மார்கழியில் அக்காவின் மடிப்பை கிழிந்துபோனது. எல்லா வினையும் அதிலிருந்து ஆரம்பித்தது.

தேர்தல் என்று சொன்னதும் எங்கள் ஊரில் வீடு வீடாகக் கொடி கொடுத்தார்கள். முதலில் ஒரு கட்சி வந்தது. "கூரையில கட்டுங்க" என்று ஒரு கொடி. மறுநாள் இன்னொரு கட்சி வந்தது. அதற்கும் ஒரு கொடி. வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. ஆம்பளை இல்லாத வீட்டில் கேட்கவே வேண்டாம். அம்மா இரண்டு கொடியையும் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

"ஒண்ணக் கட்டுனா ஒருத்தன் வந்து கேப்பான். ரெண்டையும் கட்டுனா ரெண்டு பேரும் வருவாக. பேசாம உள்ள வைம்மா" என்றாள் அக்கா.

அப்படியே டிரங்குப் பெட்டிக்குள் போயின. புதுத் துணி. கெட்டித் துணி. எங்கள் வீட்டில் அவ்வளவு கெட்டியான துணி வேறு எதுவும் இல்லை. மடிப்பை கிழிந்த அன்று அக்காதான் பெட்டியைத் திறந்தாள். தைத்தது நான். அதை ஒளிக்க மாட்டேன். கைத்தையலில் எனக்கு அப்போது அவ்வளவு கர்வம். ஒற்றைத் துணி தாங்காது என்று ஒரு கொடியை வெளியிலும் இன்னொரு கொடியை உள்ளே லைனிங்காகவும் வைத்து, ஓரத்தை இரட்டைத் தையல் போட்டு, இடுப்பில் கட்ட நாடாவும் வைத்துக் கொடுத்தேன். எந்தக் கட்சி வெளியே, எந்தக் கட்சி உள்ளே என்று யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. எது கொஞ்சம் அகலமோ அது வெளியே. அவ்வளவுதான் என் அரசியல்.

ஜீப்பில் எல்லோரும் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். "ரெண்டு கட்சியும் உன் இடுப்புலதான் கூட்டணி வச்சிருக்கு" என்று ஒருத்தி சொன்னாள். அடுத்த நாள் அவளே தன் வீட்டுக் கொடிகளைக் கொண்டுவந்து எனக்கும் ஒண்ணு தைத்துக் கொடு என்றாள். இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். ஒரு வாரத்தில் எங்கள் ஜீப்பில் நாலு இடுப்பில் இரண்டு கட்சியும் இருந்தன. பதினாறு பெண்களில் ஒருத்திக்குக்கூட இது தப்பாகும் என்று தோன்றவில்லை. எங்களுக்கு அது துணி. காய் கொள்ளும், கிழியாது.

ஆனால் எங்கள் டிரைவர் அண்ணனுக்குக் கொடி என்றால் என்ன என்று தெரியும். அவர் சீட்டுக்கு அடியில் மூன்று கொடி வைத்திருந்தார். எங்கள் ஊரைத் தாண்டும்வரை ஒன்று. அடுத்த ஊர் வந்ததும் அதை உருவிவிட்டு இன்னொன்று. குமுளி செக்போஸ்ட் தாண்டியதும் அங்குள்ள கட்சியின் கொடி. "நம்ம வண்டி சர்வகட்சி வண்டி" என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும் ஒவ்வொரு ஊர் எல்லையிலும் அவர் கழுத்து வேர்த்திருக்கும்.

லோயர் கேம்ப்பிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் வழியில் ரோட்டோரமாக ஒரு சின்ன ஊர். பஸ் ஸ்டாப், ஒரு டீக்கடை, அதற்குப் பக்கத்தில் இரண்டு கட்சியின் கொடிக்கம்பங்கள். ஓட்டுப்பதிவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு கம்பத்தை யாரோ வெட்டிச் சாய்த்தார்கள். அடுத்த நாள் மற்ற கம்பமும் சாய்ந்தது. தில்லியில் யார் உட்காருவது என்பதற்கு எங்கள் பக்கத்தில் மூங்கிலையும் இரும்புக் குழாயையும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு கம்பங்களுக்காக ஒருத்தன் மண்டை உடைந்தது, ஒரு படப்பு எரிந்தது. வைக்கோல் எரிந்தால் மாடு எதைத் தின்னும் என்று எரித்தவனும் யோசிக்கவில்லை, எரித்துவிட்டு வா என்று அனுப்பியவனும் யோசிக்கவில்லை. அனுப்பியவன் வீட்டில் மாடு கிடையாது.

இரண்டாவது கம்பம் சாய்ந்த அன்று சாயங்காலம் நாங்கள் மலையிலிருந்து இறங்கி வந்தோம். வெயில் இன்னும் இருந்தது. அந்த ஊரின் நடு ரோட்டில் கல்லை அடுக்கி வைத்திருந்தார்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். காலையிலிருந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு, வசவுகளை எல்லாம் தீர்த்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். டிரைவர் அண்ணன் தூரத்திலேயே பார்த்துவிட்டார். எந்தக் கொடியைக் கட்டுவது? இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறது. எல்லாவற்றையும் சீட்டுக்கு அடியில் திணித்துவிட்டு வண்டியை நிறுத்தினார்.

"யாரு வண்டி? எந்தக் கட்சி?"

"கூலி வண்டிண்ணே. பொம்பளைக மட்டுந்தான். காயெடுத்துட்டு வாறோம்."

"கம்பு, கட்டை ஏதும் இருக்கான்னு பாக்கணும். எல்லாத்தையும் இறங்கச் சொல்லு."

இறங்கினோம். காலெல்லாம் அட்டை கடித்த ரத்தம், சேலையெல்லாம் சேறு. பார்த்தாலே யார் என்று தெரியும். அக்கா கடைசியாக, முதுகைக் கூட்டத்துக்குக் காட்டியபடி இறங்கினாள். மற்ற மூன்று பேரின் பை முந்தானைக்குள் மறைந்திருந்தது. அக்காவின் வெறும் மடிப்பை மட்டும் பின்பக்கம் திரும்பித் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏலே, அங்கன பாருங்கடா! நம்ம கொடியக் குண்டியில கட்டியிருக்காடா!"

இந்தப் பக்கத்துக் கூட்டம் கொதித்தது. ஒருத்தன் ஓடிவந்து பையைப் பிடித்து இழுத்தான். நாடா நான் வைத்த நாடா, அறுந்துவிடவில்லை. பைதான் உள்வெளியாகப் புரண்டது. அதைப் பார்த்து அந்தப் பக்கத்துக் கூட்டம் கொதித்தது. அவர்கள் கொடி உள்ளே, மண்ணோடும் சருகோடும் ஏலக்காய்க் கறையோடும் இருந்தது. காலையிலிருந்து ஒருவரையொருவர் அடிக்கத் தயங்கிக்கொண்டிருந்த இரண்டு கூட்டத்துக்கும் அடிக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டது. ஆம்பளையாக இருந்தால் திருப்பி அடிப்பான், அந்தப் பயமும் வேண்டாத ஆள்.

"துணிண்ணே, வெறும் துணி! காயெடுக்கக் கட்டுனது!" என்று அக்கா கத்தினாள். அதுதான் அவள் இரண்டு கண்ணோடு பேசிய கடைசிப் பேச்சு.

கல் வந்தது. எந்தப் பக்கமிருந்து என்று நான் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. முதலில் ஒன்று, பிறகு பல. அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. அந்த மடிப்பையை நானே எடுத்து அவள் கண்ணில் வைத்து அழுத்தினேன். கையில் வேறு துணி இல்லை.

டீக்கடையில் இரண்டு போலீஸ்காரர்கள் இருந்தார்கள். ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

கம்பம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலையில் டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டு, வலது கண்ணில் இனிப் பார்வை வராது என்று சொன்னார். அம்மா அழவில்லை. "மலை வேலைக்கு எப்பப் போகலாம்?" என்று கேட்டார். டாக்டர் அம்மாவை ஒரு மாதிரிப் பார்த்தார். என்ன பொம்பளை இவள் என்று நினைத்திருப்பார். வீட்டில் அரிசி இருந்தது நாலு நாளைக்கு. அது அவருக்குத் தெரியாது.

அன்று மத்தியானமே முதல் கட்சிக்காரர்கள் வந்தார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ் பாட்டில், கேமராக்காரர். பெரிய மனிதர் ஒருவர் அக்காவின் தலையில் கைவைத்து, "நம்ம கொடியக் கட்டியிருந்ததுக்காக ஒரு ஏழைப் பிள்ளை கண்ண எடுத்துட்டாகளே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேமரா மின்னியது. அவர்கள் படியிறங்கின ஒரு மணி நேரத்தில் இரண்டாம் கட்சிக்காரர்கள் வந்தார்கள். ஆரஞ்சு, ரொட்டி, இன்னொரு கேமராக்காரர். அதே கை, அதே தலை, அதே பேச்சு. இரண்டு பேரும் ஒரே வாத்தியாரிடம் பாடம் படித்துவிட்டு வந்திருப்பார்களோ என்று தோன்றியது எனக்கு.

அவர்களுக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, அந்த மடிப்பை. ரத்தம் பட்ட கொடியை மேடையில் காட்ட வேண்டும். அக்கா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தர மறுத்துவிட்டாள். இரண்டாவது, ஒரு வாக்குமூலம்.

"ஆத்தா, நீ வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். கல்லு எந்தப் பக்கமிருந்து வந்துச்சுன்னு மட்டும் சொல்லு."

"கல்லு வந்த பக்கம் எனக்குத் தெரியாது. கண்ணு போன பக்கந்தான் தெரியும்" என்றாள் அக்கா.

அவர்களில் ஒருவர் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார். டீச்சர் டிரெயினிங்குக்கு மனுப் போட்டிருப்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அக்காளிடம் பேசி ஒரு வார்த்தை சொல்ல வைத்தால் அந்த இடத்தை வாங்கித் தருவதாகச் சொன்னார். நான் உடனே முடியாது என்று சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. உள்ளே போய் அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து, "எந்தப் பக்கம்னு சொன்னா என்ன குறைஞ்சு போகுது, ஏதாவது ஒரு பக்கந்தான" என்று கேட்டேன். அக்கா ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். நான் தைத்த பையால் போன கண்ணை வைத்து நானே இடம் வாங்கப் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. மூன்று வருடம் கழித்து யார் தயவும் இல்லாமல் அந்த இடம் கிடைத்தது. கிடைத்த அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

போகும்போது இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்றுபோலச் சொன்னார்கள். ஓட்டுப்பதிவு அன்று கார் அனுப்புவோம், வந்து உன் ஓட்டைப் போடு.

"உங்க கார் வேண்டாம். என் ஓட்ட நான் போட்டுக்கிருவேன். யாருக்குன்னு கேக்காதீக" என்றாள்.

அதற்குப் பிறகு ஒருத்தரும் வரவில்லை. மூன்றாம் நாள் கம்பத்திலிருந்து பார்க்க வந்த சொந்தக்காரர் இரண்டு நோட்டீஸ் கொண்டுவந்தார். இரண்டிலும் அக்காவின் கட்டுப் போட்ட முகம். ஒன்றில் "எங்கள் கொடிக்காகக் கண் இழந்த சகோதரி." மற்றதிலும் அதேதான், சகோதரி என்பதற்குப் பதிலாகத் தங்கை. பள்ளத்தாக்கு முழுக்க அவள் முகத்தைச் சுவரில் ஒட்டியிருப்பதாகச் சொன்னார். படம் கிடைத்துவிட்டது. பிறகு அவள் எதற்கு?

அக்காவுக்கு அதற்கு முன்னால் ஓட்டைப் பற்றி ஓர் அக்கறையும் இருந்ததில்லை. ஓட்டுப் போட்டால் ஒரு நாள் கூலி போகுமே என்றுதான் கவலைப்பட்டிருந்தாள். அந்த நோட்டீஸைப் பார்த்த பிறகு அவளுக்கு ஒரே பிடிவாதம். "என் கண்ணு அவங்களோடதாம், என் முகம் அவங்களோடதாம். ஓட்டு மட்டுமாச்சும் என்னோடதா இருக்கட்டும். நானே போயிக் குத்தணும்" என்றாள். யாருக்குக் குத்துவாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். ஒரு மனுஷிக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

டாக்டர் விடமாட்டேன் என்றார். அம்மா கெஞ்சி, அக்கா கையெழுத்துப் போட்டு, விடியற்காலையில் கிளம்பினோம். தேர்தல் வேலைக்கு பஸ்ஸையெல்லாம் எடுத்துவிட்டார்கள். தேனி வரைக்கும் நின்றுகொண்டே வந்தோம். தேனியில் இரண்டு மணி நேரம் காத்திருந்து கம்பத்துக்கு ஒரு வண்டி கிடைத்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அக்கா என் தோளை இறுக்கிப் பிடிப்பாள். வழியெல்லாம் சுவர்களில் அவள் முகம். உத்தமபாளையத்தில் ஒரு சுவரில் அவள் முகத்துக்கு மேல் அவள் முகத்தையே ஒட்டியிருந்தார்கள், கட்சி மட்டும் வேறு.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி இருக்கும். வாசல் சுவரிலும் இரண்டு நோட்டீஸும் இருந்தன. வரிசையில் நின்றவர்கள் அக்காவைப் பார்த்து வழிவிட்டார்கள். ஆனால் ஒருத்தரும் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. அது எனக்கு அப்போது வேறு மாதிரிப் பட்டது. பாவம், கஷ்டப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உடம்புக்கு முடியாதவள் என்று நானும் பிடித்துக்கொண்டு உள்ளே போக விட்டார்கள். அம்மா பின்னால் வந்தார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் வெளியூர் வாத்தியார் ஒருவர் அதிகாரியாக உட்கார்ந்திருந்தார். சுவரோரம் பெஞ்சில் இரண்டு கட்சி ஏஜண்டுகள், தோளோடு தோள் உரச. ஒருவர் எனக்குச் சித்தப்பா முறை, அப்பாவின் பங்காளி. இன்னொருவர் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அம்மாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன் தம்பி இல்லை. அதனால் அக்காவுக்குக் காது குத்தும்போது தாய்மாமனாக மடியில் உட்கார வைத்துக்கொண்டவர் அவர்தான்.

அதிகாரி பட்டியலில் விரலை ஓட்டினார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"இந்த ஓட்டு காலையிலேயே போட்டாச்சேம்மா."

"நான் இப்பத்தான சார் மதுரையில இருந்து வாறேன்."

அவர் முகம் மாறியது. நல்ல மனிதர்தான். பெஞ்சைப் பார்த்துத் திரும்பி, "இவங்கதான் இந்தப் பெயருக்குரியவங்களா? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

சித்தப்பா கையில் இருந்த பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கட்டுப் போட்டிருக்காக சார். முகம் சரியாத் தெரியல" என்றார். பிறந்ததிலிருந்து ஏ புள்ள என்று கூப்பிட்ட மனுஷன். அன்றைக்கு மட்டும் மரியாதையாக "போட்டிருக்காக"வாம்.

"எனக்கும் அப்படித்தான் சார். உறுதியாச் சொல்ல முடியல" என்றார் மாமா.

வெளியே சுவரில் அதே கட்டுப் போட்ட முகத்தை ஒட்டியவர்கள் இவர்களுடைய ஆட்கள். ஒரு வாரமாக ஒருவன் கொடிக்கம்பத்தை ஒருவன் வெட்டினார்கள், படப்பை எரித்தார்கள், மண்டையை உடைத்தார்கள், அக்காவின் கண்ணை எடுத்தார்கள். உள்ளே வந்ததும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஊரில் இல்லாதவர்களின் ஓட்டை நீ கொஞ்சம் நான் கொஞ்சம் என்று போட்டிருக்கிறார்கள். உன் ஆளை நான் கேட்கவில்லை, என் ஆளை நீ கேட்காதே. அப்படியானால் வெளியே எதற்கடா சண்டை போட்டீர்கள்? அதை அங்கேயே கத்திக் கேட்டேன். வார்த்தை இவ்வளவு சுத்தமாக இல்லை.

"பெத்தவ சொல்றேன் சார், இவ என் மக" என்றார் அம்மா. தன் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி எங்களை நம்பினார். வேறொரு ஓட்டுச் சீட்டை எடுத்து, பின்னால் ஏதோ எழுதி, "இதுல குத்திக் குடுங்கம்மா. பெட்டியில போட முடியாது. தனிக் கவர்ல வச்சு அனுப்புவோம்" என்றார்.

"எண்ணுவீகளா சார்?"

"எண்ண மாட்டாங்கம்மா. கேஸுன்னு கோர்ட்டுக்குப் போனாத்தான் பிரிப்பாங்க."

பிற்காலத்தில் நானே டீச்சராகி, தேர்தல் வேலைக்குப் போய், அப்படிப்பட்ட மேஜைக்குப் பின்னால் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கவருக்கு ஆய்வுக்குரிய வாக்கு என்று பெயர் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். யாரும் ஆய்ந்து நான் பார்த்ததில்லை.

அக்கா சீட்டை வாங்கவில்லை. தோளில் இருந்த துணிப்பையைத் திறந்து மடிப்பையை எடுத்து மேஜையில் விரித்தாள். ரத்தம் காய்ந்து, இரண்டு துணியும் ஒன்றோடொன்று ஒட்டி, அட்டை மாதிரி விறைத்திருந்தது.

"மாமா, என் மூஞ்சிதான் உங்களுக்குத் தெரியல. இது தெரியுதா? வெளிய இருக்குறது உங்க கொடி. உள்ள சித்தப்பா கொடி. நடுவுல ஒட்டியிருக்குறது நான்."

மாமா வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் மை வைக்கிற பையன், பாவம், பழக்கதோஷத்தில் குச்சியை மையில் நனைத்து அக்காவின் விரலைப் பிடித்தான். அக்கா கையை உருவிக்கொண்டாள்.

"ஓட்டுப் போடாதவளுக்கு எதுக்குத் தம்பி மை?"

மடிப்பையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு என் தோளைப் பிடித்தபடி வெளியே வந்தாள். அந்த வாரம் முழுக்க ஊரில் எல்லாப் பெண்கள் விரலிலும் மை இருந்தது. அக்காவின் விரலில் இல்லை. இன்னொருத்தி விரலில் மட்டும் இரண்டு ஓட்டுக்கான மை இருந்தது. எலுமிச்சம்பழமும் சுண்ணாம்பும் போட்டுத் தேய்த்ததில் தோல் உரிந்திருந்தது. யார் என்று எங்களுக்குத் தெரியும். அவளோடு அதே குழாயடியில்தான் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தோம். குடத்தை வைக்க அவள் தனக்கு முந்தி எனக்கு இடம் கொடுப்பாள். நான் வைக்க மாட்டேன்.

போலீஸ் கேஸ் ஒன்றும் ஆகவில்லை. கூட்டத்தில் யார் எறிந்தது என்று தெரியாது என எழுதி முடித்தார்கள். யார் ஜெயித்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். வெடி போட்டார்கள். சுவரில் ஒட்டியிருந்த அக்காவின் முகத்தை மழை கரைத்தது.

அடுத்த ஆடியில் காயெடுப்பு ஆரம்பித்ததும் அக்கா மலையேறினாள். ஒற்றைக் கண்ணுக்குப் பச்சை பிடிபடவில்லை. முதல் நாளே பிஞ்சு கலந்துவிட்டது. கங்காணி திட்டினான். அவள் தலையைக் குனிந்துகொண்டு, காயை விரலால் உருட்டி உருட்டிப் பார்த்துக் கிள்ளப் பழகினாள். இடுப்பில் அதே மடிப்பை. வேண்டாம், வேறு தைத்துத் தருகிறேன் என்று நான் அழுதும் கேட்கவில்லை. துவைத்தும் போகாத கறையோடு அதையே கட்டிக்கொண்டு வந்தாள்.

அந்த முதல் நாள் சாயங்காலம் இறங்கி வரும்போது அந்த ரோட்டோர ஊரில் டிரைவர் அண்ணனை நிறுத்தச் சொன்னாள். பஸ் ஸ்டாப்பில் இரண்டு புதுக் கொடிக்கம்பங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அக்கா இறங்கி, மடிப்பையைப் பின்பக்கமாகத் திருப்பிவிட்டு, ஆறு மாதத்துக்கு முன்னால் உட்கார்ந்த அதே இடத்தில் முதுகைக் காட்டியபடி நின்றாள். நாங்கள் வண்டிக்குள்ளேயே இருந்தோம். டீக்கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அன்றைக்குக் கத்தியவனும் இருந்தான், எனக்கு அவன் முகம் நன்றாகத் தெரியும். ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை. பார்த்தார்கள், பேப்பரைப் புரட்டினார்கள், டீயைக் குடித்தார்கள். தேர்தல் முடிந்துவிட்டது. அதனால் அது அவர்களுக்கும் வெறும் துணியாகிவிட்டது.